‘பிரிவிலேஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் ‘பிரிவிலேஜ்’ என்ற ஆங்கிலச் சொல் பத்திர எழுத்தரின் மேசையிலும், ஆலை அலுவலகத்திலும், கல்லூரி மேடையிலும், கணினித் திரையிலும் எதிர்ப்படுகிறது. நான்கு இடங்களிலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டு எழுதினால் மூன்று இடங்களிலாவது பொருள் கெட்டுப்போகும். மொழிபெயர்ப்பாளர்களும் ஆவணம் எழுதுவோரும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரும் இச்சொல்லைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே விடை தரப்பட்டுள்ளது.

இச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

ஒருவருக்கோ, ஒரு வகுப்பாருக்கோ, ஒரு பதவிக்கோ மட்டும் வாய்த்திருப்பதும், அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு இல்லாததுமான உரிமை, வசதி அல்லது விலக்கு என்பதே அடிப்படைப் பொருள். பொதுவான தமிழ்ச் சொல் ‘சிறப்புரிமை’. சிலர் ‘தனியுரிமை’ என்று எழுதுகிறார்கள். அச்சொல் இப்போது அந்தரங்கத்தைக் காக்கும் உரிமைக்கு வழங்கி வருவதால் இங்கே அதைத் தவிர்ப்பது நல்லது.

இச்சொல் வரும் எந்த வாக்கியத்தையும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும். யார் கொடுத்தது? யாருக்குக் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை? அகராதிகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதைக் கேட்காமல் சரியான தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது என் கருத்து; கீழே வரும் விடைகள் பலவும் அதையொட்டியே அமைந்துள்ளன.

சொல்லின் மூலம் என்ன?

இலத்தீன் மொழியில் ‘பிரிவஸ்’ என்றால் தனி ஒருவருக்குரியது. ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். இரண்டும் சேர்ந்த ‘பிரிவிலேகியம்’ தனி ஒருவரைக் குறித்துச் செய்யப்பட்ட சட்டத்துக்குப் பெயர். அந்தச் சட்டம் அவருக்கு ஆதரவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரை மட்டும் குறிவைத்துத் தண்டிக்கும் சட்டமும் இப்பெயரால் வழங்கியது. பழைய ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டம் அத்தகைய சட்டங்களைத் தடை செய்திருந்தது. சாதகமான பொருள் மட்டும் நிலைத்தது பிற்காலத்தில்தான்.

நம் பகுதி வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு, அதுவும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடைய அரசனின் ஆணை ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தென்கொங்கில் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது கொல்லர், தச்சர், தட்டார் முதலிய கைவினைஞர்களுக்கு, அது சில உரிமைகளை வழங்குகிறது. ஆடி மாதம் முதல் அவர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை முதலானவற்றைக் கொட்டுவித்துக்கொள்ளலாம். தாங்கள் புறப்பட்டுப் போகும் இடங்களுக்குச் செருப்பு அணிந்து போகலாம். தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ‘நன்மை தீமை’ என்பது திருமணத்தையும் சாவையும் குறிக்கிறது. ‘நல்லது கெட்டது’ என்று இன்றும் நாம் சொல்வது அதைத்தான்.

இந்த ஆணையை மேலே சொன்ன மூன்றாவது கேள்வியோடு படித்துப் பார்க்கலாம். செருப்பு அணிவதற்கு அரசன் அனுமதி தர வேண்டியிருந்தது என்றால், அதுவரை கம்மாளர்களால் அணிய முடியவில்லை என்று பொருள். அதே தடை இருந்தும் ஆணை கிடைக்காத மற்றவர்கள் அதற்குப் பிறகும் அணிந்திருக்க முடியாது. இன்னொரு பக்கம், எந்த ஆணையும் வாங்காமலேயே செருப்பணிந்து நடந்தவர்களும் சாந்து பூசிய வீட்டில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கல்லில் ஒரு வரியும் இல்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கம்மாளர்களுக்கு எழுதிக் கொடுத்ததும் சிறப்புரிமை. எழுதாமலே மற்றவர்கள் அனுபவித்ததும் சிறப்புரிமை. ஆங்கிலச் சொல் இரண்டையும் குறிக்கும்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பட்டியல் சாதியினர் செருப்பணிந்து நடக்கத் தடுக்கப்பட்ட தெருக்கள் விடுதலைக்குப் பிறகும் கொங்குப் பகுதியில் இருந்தன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதையும், மிதிவண்டியிலோ இருசக்கர வண்டியிலோ போவதையும், திருமண ஊர்வலம் நடத்துவதையும் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அரசன் ஒரு வகுப்பாருக்கு அருளிய செருப்பையும் கொட்டு முழக்கத்தையும் பற்றி நாடாளுமன்றம் தனியே சட்டம் எழுத வேண்டிய நிலை இருபத்தோராம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது.

‘ரைட்’ என்பதற்கும் ‘பிரிவிலேஜ்’ என்பதற்கும் என்ன வேறுபாடு?

முதலாவது உரிமை, தகுதியுடைய எவரும் கேட்டுப் பெறலாம், மறுத்தால் வழக்காடலாம். இரண்டாவது ஒரு சிலருக்கு அளிக்கப்படுவது. அளித்தவர் விரும்பினால் பல வேளைகளில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர், “நம்ம பொழியோரமாவே வண்டிய ஓட்டிட்டுப் போய்க்குங்க” என்று வாய்மொழியாகச் சொல்லி, அதன்படி ஒருவர் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம் (‘பொழி’ என்பது தோட்டத்தின் எல்லை வரப்பு). பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையான ‘வசதியுரிமை’ பற்றிய 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி இது வெறும் அனுமதி. பொதுவாக எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம். அதே தடத்தில் ஒருவர் யாருடைய அனுமதியும் கேளாமல், தமக்குரியதென்ற எண்ணத்தில், வெளிப்படையாகவும் இடையூறின்றியும் 20 ஆண்டுகள் போய் வந்திருந்தால், 15ஆம் பிரிவின் கீழ் அதை நிலையான தடப் பாத்தியமாக நிலைநாட்ட வழியுண்டு. தடம் ஒன்றுதான்; முதலாமவர் ‘பிரிவிலேஜ்’ பெற்றவர், இரண்டாமவர் ‘ரைட்’ உடையவர். தோட்டம் கைமாறி, புதிதாக வாங்கியவர் கம்பி வேலி போடும் நாளில்தான் இந்த வேறுபாடு பலருக்கும் உறைக்கிறது.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்டு 1913இல் முன்வைத்த பகுப்பில் இச்சொல் ‘ஒன்றைச் செய்யாதிருக்கும் கடமை இல்லாமை’ என்ற நுட்பமான பொருளில் வருகிறது. தேர்வுத் தாளில் அதையும் அன்றாடப் பொருளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலக் கிரயப் பத்திரத்தில் உரிமைகள், ‘பிரிவிலேஜ்கள்’, வசதியுரிமைகள் என்று அடுக்கி எழுதுகிறார்களே, தமிழில் எப்படி எழுதுவது?

ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே இணைச்சொல் தேட வேண்டியதில்லை. ஆங்கிலப் பத்திர நடை ஒரே பொருளுள்ள சொற்களை அடுக்குவது வழக்கம். நம் பத்திர நடையும் அதற்குச் சளைத்ததில்லை. ‘சர்வ சுதந்திர பாத்தியமாய்’, ‘சகலவித பாத்தியங்களுடன்’ என்று நம் ஆவணங்களில் வரும் தொடர்களே அந்த அடுக்கின் வேலையைச் செய்துவிடுகின்றன. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவும், வேறு கருத்து வெளிப்படாதவரை, விற்பவருக்கு அச்சொத்தில் உள்ள உரிமைகள் முழுவதும் அதைச் சார்ந்த வசதியுரிமைகளுடன் வாங்குபவருக்குச் சேரும் என்றே சொல்கிறது.

ஆனால் கிணறும் தடமும் இருக்கிற இடத்தில் பொதுத்தொடரை நம்பி இருந்துவிடக் கூடாது. கூட்டுக் கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் முறை எந்தெந்த நாள், மின் மோட்டாரும் குழாய் வழியும் யாருக்குப் பொது, வண்டித்தடம் எத்தனை அடி அகலத்தில் எந்தப் பொழி வழியாகச் செல்கிறது என்பவற்றைச் சொத்து விவரத்திலேயே எழுதிவிட வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பின்னால் உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

சட்டமன்றச் செய்திகளில் வரும் ‘உரிமை மீறல்’ இதுதானா?

இதுதான். சட்டமன்றமும் அதன் உறுப்பினர்களும் அச்சமின்றிப் பணியாற்றுவதற்காக அரசமைப்புச் சட்டத்தின் 194ஆம் பிரிவு சில சிறப்புரிமைகளைத் தருகிறது. நாடாளுமன்றத்துக்கு 105ஆம் பிரிவு. அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாது என்பது அவற்றில் தலையானது. மற்ற சிறப்புரிமைகள் எவை என்பதைச் சட்டமியற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்று அப்பிரிவே சொல்லியிருந்தும், முழுமையான சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. பிரிட்டனின் மக்களவைக்கு உரியவை நமக்கும் உரியவை என்று முதலில் எழுதியிருந்தார்கள். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அந்தப் பெயரை நீக்கியதே தவிர, உள்ளடக்கத்தைப் பட்டியலிடவில்லை.

பட்டியல் இல்லாததன் விளைவைத் தமிழ்நாடு இருமுறை நன்றாகவே பார்த்தது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2003 நவம்பரில் தி இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கு 15 நாள் சிறை என்று சட்டமன்றம் தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. உறுப்பினரைக் காக்க வந்த சிறப்புரிமை, உறுப்பினரைக் கேலி செய்தவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரமாக மாறலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் எழுத்தில் இன்னும் தெளிவான விடை இல்லை. தொகுத்து எழுதிவிடுவதே நேர்மையானது என்பது என் எண்ணம். ஆனால் எழுதினால் சுருங்கிவிடும் என்பது எழுத வேண்டியவர்களுக்கும் தெரியும்.

இச்சிறப்புரிமைக்கு எல்லை இல்லாமலும் இல்லை. அவையில் வாக்களிக்கவோ பேசவோ லஞ்சம் வாங்கிய உறுப்பினர் இதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து, 1998ஆம் ஆண்டின் மாறுபட்ட தீர்ப்பை நீக்கியது. கூட்டத் தொடரின்போதும், அதற்கு முன்னும் பின்னும் 40 நாள்களும் உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்ற விதி உரிமையியல் வழக்குகளுக்கு மட்டுமே உரியது. குற்ற வழக்கில் அது செல்லாது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. வெறுமனே ‘உரிமை மீறல்’ என்று எழுதினால் மனித உரிமை மீறல் என்று படிப்பவர்களும் உண்டு. முதல் முறை வரும்போது ‘அவை உரிமை மீறல்’ என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்து வரும்போது சுருக்கிக்கொள்ளலாம்.

வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் ‘பிரிவிலேஜ்’ தானா?

ஆம். கட்சிக்காரர் தொழில்முறையில் தம் வழக்கறிஞரிடம் சொன்ன செய்திகளைக் கட்சிக்காரரின் வெளிப்படையான இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது. முன்பு 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தச் சிறப்புரிமைக்குச் சொந்தக்காரர் கட்சிக்காரரே. வழக்கறிஞர் அதைக் காப்பவர் மட்டுமே. சட்டத்துக்குப் புறம்பான காரியத்தை நிறைவேற்றுவதற்காகக் கேட்ட ஆலோசனைக்கு இப்பாதுகாப்பு கிடையாது. தமிழில் ‘காப்புரிமை பெற்ற உரையாடல்’ என்று எழுதிவிட வேண்டாம்; காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கும் படைப்புகளுக்கும் உரியது. ‘வெளியிடாப் பாதுகாப்புள்ள தகவல்’ என்று நீட்டி எழுதினாலும் பொருள் பிழைக்கும்.

மருத்துவரிடம் சொன்னதற்கும் இதே பாதுகாப்பு உண்டென்று பலர் நம்புகிறார்கள். மருத்துவருக்கு இரகசியம் காக்கும் தொழில்நெறிக் கடமை உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல மறுக்கும் சிறப்புரிமையைச் சாட்சியச் சட்டம் அவருக்கு வழங்கவில்லை.

ஆலைகளிலும் வங்கிகளிலும் ‘பி.எல்.’ (‘பிரிவிலேஜ் லீவ்’) என்கிறார்களே, விடுப்பு எப்படிச் சிறப்புரிமை ஆகும்?

ஆகாது, பெயர்தான் அப்படித் தங்கிவிட்டது. விடுப்பு என்பது முதலாளி மனமிரங்கித் தருவதாகக் கருதப்பட்ட காலத்துப் பெயர் அது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் இச்சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. ‘ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு’ என்றே சொன்னது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்த வயதுவந்த தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்பது அச்சட்டத்தின் 79ஆம் பிரிவு வகுத்த கணக்கு. உழைத்துச் சம்பாதித்த நாள் சிறப்புரிமை ஆகாது. ஆகவே ‘சிறப்புரிமை விடுப்பு’ என்று மொழிபெயர்க்காமல், அரசு அலுவலகங்களில் வழங்கும் ‘ஈட்டிய விடுப்பு’ என்பதையே எழுதுவது பொருளுக்கும் நியாயத்துக்கும் பொருந்தும். மேலாளரிடம் விண்ணப்பம் எழுதும்போது கெஞ்சும் தொனி வேண்டாம் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஈரோடு, போத்தனூர் இரயில்வே குடியிருப்புகளில் வழங்கும் ‘பிரிவிலேஜ் பாஸ்’ வேறு வகை. இரயில்வே தன் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் கட்டணமின்றித் தரும் பயணச் சீட்டு அது. அதனோடு மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் பயணம் செய்யும் ‘பி.டி.ஓ.’ (‘பிரிவிலேஜ் டிக்கெட் ஆர்டர்’) என்ற ஆணையும் உண்டு. பயணிகள் எல்லோருக்கும் இல்லாதது, அந்தப் பணியில் இருப்பதால் மட்டும் கிடைப்பது. ஆகவே இங்கே சொல் அதன் இயல்பான பொருளில் நிற்கிறது. ‘இரயில்வே இலவசப் பயணச் சலுகை’ என்றால் போதும். பேச்சில் ‘பாஸ்’ என்றாலே எல்லோருக்கும் புரியும்.

‘பிரிராகட்டிவ்’, ‘இம்யூனிட்டி’, ‘கன்செஷன்’ ஆகியவையும் இதே பொருளா?

நெருங்கிய உறவுடைய சொற்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று நிற்காது. ‘பிரிராகட்டிவ்’ என்பது ஒரு பதவியில் இருப்பவர் தாமே முடிவெடுக்கும் தனி அதிகாரம். அமைச்சரவையில் யாரைச் சேர்ப்பது என்பது முதலமைச்சரின் ‘பிரிராகட்டிவ்’ என்று செய்திகளில் எழுதுவார்கள். ரோமில் மற்றவர்களுக்கு முன்பாக வாக்களிக்க அழைக்கப்பட்ட பிரிவுக்கு இருந்த பெயரிலிருந்து இச்சொல் வந்தது. ‘இம்யூனிட்டி’ என்பது விலக்கு. ஆளுநர் பதவியில் இருக்கும்வரை அவர்மீது குற்ற வழக்கு நடத்த முடியாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 361ஆம் பிரிவு இதற்குச் சான்று. ‘கன்செஷன்’ என்பது எல்லோருக்கும் உள்ள கட்டணத்திலோ விதியிலோ சிலருக்குச் செய்யும் தளர்வு, அதாவது சலுகை.

அப்படியானால் இட ஒதுக்கீட்டையும் உழவர்களின் கட்டணமில்லா மின்சாரத்தையும் சிறப்புரிமை என்று சொல்லலாமா?

எல்லோருக்கும் இல்லாதது என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இரண்டையும் அப்படிச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரே அளவுகோல் போதாது.

இட ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஒதுக்கீடு செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்று தீர்ப்பானதைத் தொடர்ந்துதான் 1951இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்பட்டோருக்கான சிறப்பு ஏற்பாடுகள் சமத்துவத்தின் ஒரு முகமே, அதற்கு விதிவிலக்கு இல்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1975இல் என்.எம். தாமஸ் வழக்கில் ஏற்றது. கல்லில் எழுதாமலே சிலர் அனுபவித்து வந்த சிறப்புரிமையை ஈடுசெய்ய எழுதிவைத்த ஏற்பாட்டுக்குச் சிறப்புரிமை என்று பெயரிட்டால், எழுதப்படாத முதல் சிறப்புரிமை பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘சலுகை’ என்ற சொல்லையும் அதே காரணத்தால் தவிர்க்கலாம். ‘சிறப்பு ஏற்பாடு’ என்பது சட்டத்தின் சொல். அதையே எழுதுவது துல்லியமானது.

மின்சாரத்தின் கதை இன்னும் சிக்கலானது. மின் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட உழவர்கள் போராடியபோது, 1970இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். 1972இல் வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு முன்னின்று நடத்திய போராட்டத்தில் மாட்டு வண்டிகள் கோவை நகரச் சாலைகளை அடைத்து நின்றன. கட்டணமில்லா மின்சாரம் 1990இல் நடைமுறைக்கு வந்தது. போராடிப் பெற்றதால் உழவர் சங்கங்கள் அதை உரிமை என்கின்றன. அரசு தன் ஆணைகளில் மானியம் என்று கணக்கெழுதுகிறது. மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற, ஆழ்துளைக் கிணற்றுக்கு டீசல் ஊற்றுகிற பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அதுவே சிறப்புரிமையாகத் தெரிகிறது. மூன்று சொற்களும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து சரியானவை. மொழிபெயர்ப்பவர் தமக்குப் பிடித்ததைப் போடாமல், மூலத்தில் பேசுபவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் “அது உன் பிரிவிலேஜ்” என்று எழுதுவதன் பொருள் என்ன?

1980களின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து பரவிய வழக்கு இது. யாரும் கையெழுத்திட்டுக் கொடுக்காத, பிறப்பாலும் சூழலாலும் வாய்த்த, உடையவர் கவனிக்கவே கவனிக்காத அனுகூலத்தை இது குறிக்கிறது.

நம் பகுதியில் இதை விளக்க ஒரு கேள்வி போதும். திருப்பூரிலோ கோவையிலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு, “நீங்க எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?” என்று கேட்பார். கூட்டத்தின், அதாவது குலப்பிரிவின், பெயரைச் சொல்லத் தெரிந்தவருக்கு இது ஒரு குசல விசாரிப்பு. சொன்னதும் உறவுமுறை கண்டுபிடிக்கப்பட்டு மோரும் வந்துவிடும். சொல்வதற்குக் கூட்டம் இல்லாதவருக்கு அதே கேள்வி ஒரு வடிகட்டி; வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்ற விடையை எதிர்பார்த்துக்கொண்டேதான் அவர் ஊரின் பெயரைச் சொல்வார். முதலாமவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரிடம் போய் “உங்களுக்குச் சிறப்புரிமை இருக்கிறது” என்றால் கோபம்கூட வரலாம், ஏனெனில் அவர் கண்ணில் நடந்தது ஒரு சாதாரணப் பேச்சு மட்டுமே.

இந்தப் பொருளில் ‘சிறப்புரிமை’ என்பது சட்ட வாடை வீசும் சொல்லாகிவிடுகிறது. ‘பிறப்புவழி அனுகூலம்’, ‘சமூக அனுகூலம்’ ஆகியவை கட்டுரைக்குப் பொருந்தும். பேச்சில் “உனக்கு வசதி வாய்ப்பு இருந்துச்சு” என்பதே போதும். இதன் எதிர்ச்சொல்லாக வரும் ‘அண்டர்பிரிவிலேஜ்டு’ என்பதை ‘நலிந்த பிரிவினர்’ என்று எழுதுவது வழக்கம். தாமாகவே நலிந்தது போன்ற தோற்றம் அதில் இருப்பதால் ‘வாய்ப்பு மறுக்கப்பட்டோர்’ என்பதை நான் விரும்புகிறேன்.

விழா மேடையில் வரவேற்புரை வழங்குபவர் “இட் இஸ் மை பிரிவிலேஜ்” என்கிறாரே?

இது மரியாதைத் தொடர். ‘இந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்ததைப் பேறாகக் கருதுகிறேன்’ என்று சொல்லலாம். ‘இது எனது சிறப்புரிமை’ என்று சொன்னால், வரவேற்க வேறு யாருக்கும் அதிகாரமில்லை என்று அடித்துச் சொல்வதுபோல் ஆகிவிடும். யாராவது நன்றி சொல்லும்போது மறுமொழியாக இத்தொடரைச் சொல்வதும் உண்டு. கொங்குத் தமிழில் அதற்கு “அதுக்கென்னங்க, பரவால்லீங்க” என்பதைவிடப் பொருத்தமானது இல்லை.

கணினியில் ‘அட்மின் பிரிவிலேஜ்’ என்றால்?

ஒரு பயனர் கணக்கு எந்தெந்தச் செயல்களைச் செய்யலாம் என்று அமைப்பு தரும் அனுமதி. ‘நிர்வாகி அனுமதி’ என்பது தெளிவான தமிழ். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவருக்குப் பதிவு செய்யும் அனுமதி மட்டும் போதும், பழைய பதிவை அழிக்கும் அனுமதி வேண்டாம் என்று பிரித்துக் கொடுப்பது ‘குறைந்தபட்ச அனுமதிக் கோட்பாடு’. வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளியும் கொடுக்காதே என்பது அதன் சாரம்.

துணிக்கடையிலும் நகைக்கடையிலும் தரும் ‘பிரிவிலேஜ் கார்டு’?

விற்பனை உத்தி. கேட்கிற எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஆகவே சொல்லின் பொருள் அங்கே இல்லை. ‘வாடிக்கையாளர் அட்டை’ என்று எழுதிவிடலாம்.

எழுத்துக்கூட்டலிலும் உச்சரிப்பிலும் கவனிக்க வேண்டியவை எவை?

பள்ளியில் ‘காலேஜ்’, ‘நாலெட்ஜ்’ ஆகியவற்றை அடுத்தடுத்துப் படிப்பதால், இரண்டாவதில் உள்ள ‘டி’ என்ற எழுத்தை இதிலும் நுழைத்துவிடுகிறார்கள். இச்சொல்லில் ‘டி’ கிடையாது. உயிரெழுத்துகளில் முதல் இரண்டும் ‘ஐ’ (i), அடுத்த இரண்டும் ‘ஈ’ (e) என்று நினைவில் வைத்தால் பிழை வராது. தமிழில் நாம் ‘பிரிவிலேஜ்’ என்று நீட்டி எழுதினாலும், ஆங்கில உச்சரிப்பு ‘ப்ரிவ்லிஜ்’ என்பதற்கு நெருக்கமானது. அழுத்தம் முதல் அசையில் விழும்.

பட்டமளிப்பு விழாவில் பட்டத்தோடு ‘ரைட்ஸ் அண்ட் பிரிவிலேஜஸ்’ வழங்குவதாகச் சொல்கிறார்களே, பட்டதாரிக்கு அப்படி என்ன சிறப்புரிமை?

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் மரபிலிருந்து வந்த வாசகம் இது. அங்கே பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகப் பேரவையில் இடமும், நாடாளுமன்றத்தின் பல்கலைக்கழகத் தொகுதிகளில் தனி வாக்கும் ஒரு காலத்தில் இருந்தன. நம் அரசமைப்புச் சட்டத்திலும் அதன் சாயல் உண்டு. 171ஆம் பிரிவின்படி, சட்ட மேலவை உள்ள மாநிலங்களில், மேலவை உறுப்பினர்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கினரை, பட்டம் பெற்றுக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆனவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டம் இல்லாதவருக்கு அந்தத் தொகுதியில் வாக்கு இல்லை. சொல்லின் முழுப் பொருளிலும் அது சிறப்புரிமைதான். பாரதியார் பல்கலைக்கழகம் கோவையில் தொடங்கப்பட்ட 1982இல் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளுக்கு அந்த வாக்கு இருந்தது. 1986 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் மேலவை கலைக்கப்பட்டதோடு அதுவும் போயிற்று; பட்டமளிப்பு வாசகத்தை யாரும் திருத்தவில்லை.